லுண்ட், உப்சாலா, கீஸென்: மருந்துக் கணக்கைத் தேடி ஒரு பயணம்

ஞாயிறு, லுண்ட்

கோபன்ஹேகனில் விமானத்தை விட்டு இறங்கினால் அதே இடத்திலேயே ரயில் நிலையம். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஓரெசுண்ட் பாலம் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் கடல், தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். 2000-ல் இந்தப் பாலம் திறக்கும்வரை சுவீடனுக்குக் கப்பலில்தான் கடக்க வேண்டியிருந்தது. பாலம் முடிந்ததும் மால்மோ, அதைத் தாண்டினால் லுண்ட்.

சுவீடனில் பார்க்க எத்தனையோ இருக்க, ஏன் லுண்ட் என்று பலர் கேட்டார்கள். நான் ஃபார்மகோகைனடிக்ஸ் துறையில் வேலை செய்கிறவள். விழுங்கிய மாத்திரை எப்போது இரத்தத்துக்கு வருகிறது, எங்கெல்லாம் பரவுகிறது, கல்லீரல் அதை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது, சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை. மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, டோஸைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று டாக்டர்களுக்குச் சொல்வோம். ஒரு இரத்த மாதிரி வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அளவை அல்ல. இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, அதற்கு முந்தைய டோஸ் எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதைத்தான். அந்த இரண்டு நேரமும் இல்லாமல் வரும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர்கள் எரிக் விட்மார்க், தோர்ஸ்டன் தியோரெல், ஃபிரீட்ரிஷ் ஹார்ட்மூட் டோஸ்ட். ஒருவர் ஆல்கஹாலை அளந்த வேதியியலாளர், ஒருவர் சவ்வுகளை ஆராய்ந்த உடலியங்கியல் பேராசிரியர், ஒருவர் குழந்தை மருத்துவர். அவர்கள் வேலை பார்த்த ஊர்களை ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கால வரிசையிலேயே போகிறேன். முதலில் விட்மார்க்.

திங்கள், லுண்ட்

காலையில் தேவாலயம். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் 15-ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரம். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேலே இருக்கும் சின்ன உருவங்கள் இசையோடு நகர்ந்து மரியாள் முன் வணங்கிவிட்டுப் போகின்றன. பார்க்க நல்ல கூட்டம்.

அங்கிருந்து நடந்தே பல்கலைக்கழக நூலகம். சுவர் முழுக்கக் கொடி படர்ந்த சிவப்புச் செங்கல் கட்டடம். விட்மார்க் 1932-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தைக் கேட்டு வாங்கி மதியம் முழுவதும் உட்கார்ந்துவிட்டேன். என் ஜெர்மன் அரைகுறைதான், ஆனால் வரைபடங்களுக்கும் சமன்பாடுகளுக்கும் மொழி அவ்வளவு தேவைப்படவில்லை.

அவருடைய கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடிக் குடுவை. அடியில் கந்தக அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் டைகுரோமேட். குடுவையின் மூடியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம் உள்ளே தொங்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த 100 மில்லிகிராம் இரத்தம், அதாவது இரண்டு மூன்று சொட்டு, அந்தக் கிண்ணத்தில். குடுவையை மூடி வெந்நீரில் வைத்தால் இரத்தத்திலுள்ள ஆல்கஹால் ஆவியாகிக் கீழே இருக்கும் திரவத்தில் போய்ச் சேரும். அங்கே டைகுரோமேட்டில் கொஞ்சத்தைத் தீர்க்கும். மிச்சம் எவ்வளவு என்று டைட்ரேட் செய்து பார்த்தால் ஆல்கஹால் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். இரத்தத்தை அவர் அளந்து ஊற்றவில்லை, எடை போட்டார். அதனால்தான் சுவீடனில் இன்றும் ஒரு கிராம் இரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் ஆல்கஹால் என்றே கணக்கு.

இந்த முறையை அவர் வெளியிட்டது 1922-ல். அதன் உண்மையான பலம் இரத்தத்தின் சிறிய அளவுதான். ஊசியால் இரத்தக் குழாயிலிருந்து இழுக்கும் இரத்தம் என்றால் ஒரு ஆளிடம் ஒரு நாளில் எத்தனை முறை எடுக்க முடியும்? விரலில் இரண்டு சொட்டு என்றால் திரும்பத் திரும்ப எடுக்கலாம். திரும்பத் திரும்ப எடுத்தால்தான் ஒரு புள்ளி கோடாக மாறும். கோடு கிடைத்தால்தான் வேகம் தெரியும்.

அந்தக் கோட்டைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்கஹால் குடித்த பிறகு இரத்த அளவு ஏறி, உச்சம் தொட்டு, அப்புறம் ஏறக்குறைய நேர்கோடாக இறங்குகிறது. ஒரு கிராம் இரத்தத்துக்கு மணிக்கு சுமார் 0.15 மில்லிகிராம் வீதம். பெரும்பாலான மருந்துகள் இப்படி இறங்குவதில்லை. அதிகம் இருக்கும்போது வேகமாகவும், குறையக் குறைய மெதுவாகவும் வெளியேறும், கோடு வளைந்து படுக்கும். ஆல்கஹாலைக் கையாளும் கல்லீரல் நொதி மிகக் குறைந்த அளவிலேயே நிரம்பிவிடுகிறது. ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கும் ரயில் நிலையத்தில் வரிசை எவ்வளவு நீண்டாலும் மணிக்கு இத்தனை டிக்கெட்தானே கொடுக்க முடியும், அதைப் போல.

எங்கள் வேலையில் இதே குணம் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினில் வந்து நிற்கும். 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் இரத்த அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று எதிர்பார்ப்போம். நொதி நிரம்பும் நிலையில் இருக்கிறவருக்கு அது இரண்டு மடங்குக்கு மேலும் போய்விடலாம். கண் தானாக ஆடும், நடை தள்ளாடும். அப்படி ஒருவரைப் படுக்கையருகே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு அந்தச் சமன்பாடு மனதில் பதிந்தது.

விட்மார்க்கின் பெயர் நீதிமன்றத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. குடித்த அளவையும் உடல் எடையையும் வைத்து இரத்த அளவைக் கணக்கிட அவர் கொடுத்த காரணி, ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55, இன்றும் தடயவியல் அறிக்கைகளில் வருகிறது. 1941-ல் சுவீடன் வாகனம் ஓட்டுபவர்களுக்கு 0.8 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. 1957-ல் அது 0.5 ஆனது, 1990-ல் 0.2. இதற்கெல்லாம் அடியில் அவருடைய குடுவை இருக்கிறது. 1945-ல் இறக்கும்வரை இந்த ஊரில்தான் பேராசிரியர்.

ஆனால் எங்கள் துறைக்காரர்கள் மறந்துபோன விஷயம் வேறு. 1919-லேயே அசிட்டோன் உடலில் எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டவர் அவர். 1924-ல் தாண்ட்பேரி என்பவருடன் சேர்ந்து, ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடலில் எவ்வளவு சேரும், தொடர்ந்து ஏற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். "எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை" என்று மருந்துச் சீட்டில் எழுதுவதற்கு அடிப்படையான கணக்கு அது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் 1937-ல், தியோரெலிடமிருந்து தொடங்குகின்றன. நான் சொல்லிக்கொடுக்கும்போது லுண்டிலிருந்துதான் தொடங்குவேன்.

செவ்வாய், ரயிலில்

லுண்டிலிருந்து ஸ்டாக்ஹோம் நான்கு மணி நேரத்துக்கு மேல். காடு, ஏரி, சிவப்பு மர வீடு, மறுபடியும் காடு. ஸ்டாக்ஹோமில் வண்டி மாறினால் முக்கால் மணி நேரத்துக்குள் உப்சாலா. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

புதன், உப்சாலா

1477-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், நார்டிக் நாடுகளிலேயே பழமையானது. தேவாலயத்துக்கு எதிரே குஸ்தாவியானும் என்ற பழைய கட்டடம். அதன் உச்சியில், குவிமாடத்துக்குக் கீழே, 1660-களில் உலோஃப் ருட்பெக் கட்டிய உடற்கூறு அரங்கம். எண்கோண வடிவம், நடுவில் மேசை, சுற்றிலும் செங்குத்தாக ஏறும் நிற்கும் வரிசைகள். உட்கார இடமே இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. நிணநீர் நாளங்களை 1652-ல் கிறிஸ்டினா அரசி முன்னால் இதே ஊரில் காட்டியவர் ருட்பெக். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

இந்த ஊருக்கு அளவீட்டில் ஒரு பிடிவாதம் உண்டு என்று தோன்றுகிறது. செல்சியஸ் இங்கே வானியல் பேராசிரியர். 1742-ல் அவர் வகுத்த அளவுகோலில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. நாம் இன்று பயன்படுத்துவது அதன் தலைகீழ். ஸ்வெட்பெரி இங்கே அல்ட்ராசென்ட்ரிஃபியூஜைச் செய்தார், 1926-ல் நோபல் பரிசு. அவருடைய மாணவர் டிசேலியுஸ் புரதங்களை மின்புலத்தில் பிரித்தார், 1948-ல் நோபல். கண்ணுக்குத் தெரியாததை எடை போடவும் பிரிக்கவும் கருவி செய்த ஊர் இது. அந்த ஊரில்தான் தியோரெல் இருந்தார். அவருக்குத் தேவைப்பட்ட கருவி மட்டும் அப்போது எங்கேயும் இல்லை.

வியாழன், உப்சாலா

இன்று முழுவதும் தியோரெல்.

1937-ல் பெல்ஜியத்து மருந்தியல் இதழ் ஒன்றின் 57-ஆம் தொகுதியில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். முதலாவது 205-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. தோலுக்கடியிலோ வேறு வழியிலோ கொடுத்த மருந்து எப்படிப் பரவுகிறது என்பது முதல் கட்டுரை. நேரே இரத்தத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. இரண்டும் சேர்ந்து நாற்பது பக்கம் கூட இல்லை. இத்தனை வருடம் நகலிலேயே படித்ததை இன்று நூலகத்தில் அச்சுத் தொகுதியாகப் புரட்டினேன்.

அந்தப் படத்தை என் மாணவர்களிடம் எத்தனை முறை வரைந்திருப்பேன்! மருந்து முதலில் இருக்கும் இடம், அதிலிருந்து இரத்தம், இரத்தத்திலிருந்து திசுக்கள். இரத்தத்திலிருந்து சிறுநீரகம் வழியாக வெளியே ஒரு பாதை, திசுக்களில் சிதைந்துபோகும் இன்னொரு பாதை. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு வேகம், ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. பிறகு வேகங்களை மாற்றி மாற்றிப் போட்டு வளைகோடுகள். மெதுவாக உறிஞ்சினால் உச்சம் தாழ்ந்து தள்ளிப்போகிறது, சிறுநீரகம் வேகமாகத் தள்ளினால் வால் சுருங்குகிறது. இன்று நாங்கள் கணினியில் செய்வதன் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது. இந்தத் துறையின் தந்தை என்று அவரைச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை.

1905-ல் பிறந்தவர். 1940-லிருந்து 1972 வரை உப்சாலாவில் உடலியங்கியல் பேராசிரியர். அவர் காலத்தில் அவரை எல்லோரும் அறிந்தது சவ்வுகளின் ஆய்வாளராகத்தான். மின்னூட்டம் கொண்ட சவ்வு வழியே அயனிகள் எப்படிக் கடக்கின்றன என்பதற்கான கோட்பாடு இன்றும் தியோரெல், மேயர், சீவர்ஸ் என்ற மூவர் பெயரில் இருக்கிறது. உப்பு நீக்கும் ஆலைகளில் வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கும் அது தெரியும். மருந்துக் கட்டுரைகளை மட்டும் பல வருடங்கள் யாரும் சீண்டவில்லை.

ஏன்? மருத்துவர்களுக்குக் கணக்கு பிடிக்காது என்று சொல்வார்கள். அது எனக்குப் போதுமான காரணமாகப் படவில்லை. விட்மார்க்கால் கோடு வரைய முடிந்தது, ஆல்கஹால் இரத்தத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் இருந்ததால். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸினை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்ய ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராம் போதும். விட்மார்க் அளந்ததில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1937-ல் அதை அளக்க வழியில்லை. யாலோவும் பெர்சனும் 1960-ல் இன்சுலினுக்காக வெளியிட்ட கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறை 1969-ல்தான் டிகாக்ஸினுக்கு வந்தது. சமன்பாடு முப்பது வருடம் காத்திருந்தது எண்களுக்காக. அளக்க முடியாத ஒன்றுக்குக் கணக்கு எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

மதியம் பயோமெடிக்கல் சென்டருக்குப் போனேன். மருந்தியல் புலம் அங்கேதான் இருக்கிறது. உலகத்தில் இந்தக் கணக்கைச் செய்கிறவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் பி.எஸ்.என்., எக்ஸ்போஸ் ஆகிய மென்பொருள்கள் உப்சாலாவில் உருவானவை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் ஒன்றில் வேலை செய்கிறாள்.

"ஒரு குழந்தைகிட்ட ரெண்டு தடவைதான் ரத்தம் எடுக்க முடியும் அக்கா. சிலதுகிட்ட ஒரே தடவை. முக்கால் கிலோ குழந்தை, அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?"

"நேரமாவது ஒழுங்கா எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம்."

"அதுதான் நல்லது" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள், அவளுக்குத் தெரியாததா.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய முறையில் ஒரு ஆளிடம் பத்துப் பன்னிரண்டு முறை இரத்தம் எடுத்து அவருக்கென ஒரு வளைகோடு வரைவார்கள். பச்சைக் குழந்தையிடம் அது முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் லூயிஸ் ஷைனர் என்ற மருத்துவர் 1970-களில் வேறு வழி கண்டார். ஒவ்வொருவரிடமும் ஒன்றிரண்டு புள்ளிதான் இருக்கட்டும். நூறு பேரின் புள்ளிகளையும் ஒரே கணித மாதிரியில் சேர்த்துப் பொருத்தினால் பொதுவான வளைவும் கிடைக்கும், ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதும் கிடைக்கும். எல்லோரிடமும் ஒரே நேரத்தில் எடுத்தால் வளைவின் ஒரு இடம் மட்டுமே தெரியும். சிதறிக் கிடந்தால் முழு வளைவும் தெரியும். ஸ்டூவர்ட் பீல் அதற்கு மென்பொருள் எழுதினார். நான்மெம் என்ற அந்த மென்பொருள் 1980-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஷைனர் 2004-ல் பாசெலில் காலமானார். அவரை நேரில் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வெள்ளி, கீஸென்

விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கீஸென். பெரிய ஊர் இல்லை. போரில் குண்டுவீச்சில் நொறுங்கியதால் நகர மையம் பெரும்பாலும் புதுக் கட்டடங்கள்.

சனி, கீஸென்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வகம், இப்போது அருங்காட்சியகம். 1824-ல் இருபத்தொரு வயதில் பேராசிரியராக வந்தவர். 1831-ல் அவர் செய்த ஐந்து குமிழ்க் கண்ணாடிக் கருவி இங்கே இருக்கிறது. முக்கோணமாக வளைந்த குழாய், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் அளவு. எரித்த பொருளிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடை அதிலுள்ள காரம் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் எடை போட்டால் பொருளில் எவ்வளவு கார்பன் என்று தெரியும். கண்ணாடியை ஊதிச் செய்தவரின் கைநேர்த்தியைப் பார்த்து அசந்து நின்றேன்.

நான் வந்தது டோஸ்ட்டுக்காக. 1910-ல் பிறந்த குழந்தை மருத்துவர். 1953-ல் லைப்சிக்கில் 'டெர் ப்ளூட்ஷ்பீகல்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இரத்தத்தில் ஒரு பொருளின் அளவு காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதுதான் முழுப் புத்தகமும். எங்கள் துறைக்குப் பெயர் கிடைத்தது அதில்தான். பின்னாளில் கீஸென் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராக இருந்தார். 1985-ல் இறந்தார்.

வளைகோட்டின் கீழுள்ள பரப்பைப் பற்றி அவர் சொன்னது இன்றும் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு வேலைக்கு ஆகிறது. மருந்து வேகமாக நுழைந்தால் கோடு உயர்ந்து சீக்கிரம் இறங்கும். மெதுவாக நுழைந்தால் தாழ்ந்து நீளும். வடிவம் எப்படி இருந்தாலும், வெளியேற்றும் திறன் மாறாதவரை, பரப்பு காட்டுவது இரத்தத்துக்குள் மொத்தம் எவ்வளவு மருந்து வந்தது என்பதைத்தான். ஒரு நிறுவனத்தின் மாத்திரைக்கு இன்னொன்றின் மாத்திரை ஈடாகுமா என்று ஒப்பிடும்போது உலகம் முழுவதும் பார்க்கும் முக்கியமான எண்களில் ஒன்று இந்தப் பரப்பு.

இப்படி ஒரு புத்தகத்தைக் குழந்தை மருத்துவர் எழுதியதில் எனக்கு வியப்பே இல்லை. பெரியவர்களுக்கான டோஸை எடைக்கு ஏற்ப வகுத்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று நம்பிய காலம். 1950-களில் பச்சிளங்குழந்தைகளுக்குக் குளோராம்ஃபெனிகால் அப்படித்தான் கொடுத்தார்கள். பெரியவர்களில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து அது. பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையின் கல்லீரலில் அதை எளிதில் வெளியேறும் குளுகுரோனைடாக மாற்றும் நொதி இன்னும் முதிர்ந்திருக்காது, பாதியாகக் குறைய ஒரு நாள் கூட ஆகலாம். அடுத்த டோஸ், அதற்கடுத்த டோஸ் என்று உள்ளே சேர்ந்துகொண்டே போயிற்று. வயிறு உப்பி, இரத்த அழுத்தம் விழுந்து, தோல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தன. காரணம் வெளிச்சத்துக்கு வந்தது 1959-ல். திரும்பத் திரும்பக் கொடுத்தால் எவ்வளவு சேரும் என்ற 1924 சமன்பாடும் இருந்தது, டோஸ்ட்டின் புத்தகமும் இருந்தது. குழந்தையின் அரை ஆயுளை மட்டும் அதற்கு முன் யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் கொதிக்கிறது.

மாலையில் உப்சாலா பெண்ணிடமிருந்து செய்தி. அவளுடைய கணித மாதிரி பொருந்தவில்லையாம். பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் எடையையும் வைத்துப் பார்த்தும் சில குழந்தைகளின் கிளியரன்ஸ், அதாவது மருந்தை வெளியேற்றும் திறன், எங்கேயோ போகிறது. உடனே கூப்பிட்டேன்.

"மருந்து எது வழியா வெளிய போகுது, கிட்னிதானே?"

"ஆமா அக்கா, பெரும்பாலும் கிட்னிதான்."

"அப்போ பிறந்த நாள்ல இருந்து எண்ணாதே. கர்ப்ப வாரத்தையும் சேர்த்து எண்ணிப் பாரு."

இருபத்தாறு வாரத்தில் பிறந்து பத்து நாளான குழந்தையும், நாற்பது வாரத்தில் பிறந்து பத்து நாளான குழந்தையும் ஒன்றல்ல. எடையைக் கணக்கில் எடுத்த பிறகும், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பெரியவர்களில் பாதியை எட்டுவது கர்ப்ப காலத்தையும் சேர்த்துச் சுமார் 48 வாரத்தில்தான். முழு மாதத்தில் பிறந்த குழந்தைக்கே அது இரண்டு மாதம் ஆகும்போது.

"கர்ப்ப வாரம் எல்லாருக்கும் குறிச்சிருக்காங்களா?"

"ரெண்டு பேருக்கு இல்ல. ஆஸ்பத்திரில கேட்டு வாங்கணும். திங்கக்கிழமைதான் முடியும்."

மற்ற குழந்தைகளை வைத்து இன்று இரவே ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். தரவுக் கோப்பின் தலைப்பு வரியை அனுப்பச் சொன்னேன். வந்திருக்கிறது. நேரம் கடைசி டோஸிலிருந்து எண்ணியிருக்கிறதா, முதல் டோஸிலிருந்தா என்று முதலில் பார்க்க வேண்டும்.